உடையவன் பாராத பயிர்

மைன்கிராஃப்ட் என்பது பிளாக் எனப்படும் கனசதுரக் கட்டைகளால் ஆன உலகத்தில் ஆடும் கணினி விளையாட்டு. பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் எங்கள் மைன்கிராஃப்ட் சர்வருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்வெட்டி கையில் கிடைத்த உடனே கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிலத்தைக் கொத்திவிடுவார்கள். அதில் கோதுமை விதையை நெருக்கமாக நட்டு, ஊரையே கூப்பிட்டுக் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அறுவடைக்குப் போனால்தான் வண்டவாளம் தெரியும்: பாதி பச்சை, கால்வாசி நாற்று, ஏதோ ஒரு மூலையில் நாலு கதிர்.

இங்கே பொது வயலைக் கவனிக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதனால் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இனிமேல் இந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கலாம். சொல்வதெல்லாம் இந்த விளையாட்டின் ஜாவா பதிப்புக்கு.

இந்த விளையாட்டில் பயிர் வளர்வது வெயிலால் அல்ல, சீட்டுக் குலுக்கலால். உலகம் 16×16×16 அளவுள்ள கனசதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் 4096 பிளாக்குகள். சர்வர் நொடிக்கு 20 முறை துடிக்கிறது. அதை டிக் என்கிறோம். ஒவ்வொரு டிக்கிலும் ஒவ்வொரு கனசதுரத்திலிருந்தும் மூன்று பிளாக்குகளின் பெயர் குலுக்கி எடுக்கப்படுகிறது. உங்கள் கேரட் செடிக்கு அப்படி முறை வருவது சராசரியாக 68 நொடிக்கு ஒரு தடவை. முறை வந்துவிட்டால் வளர்ந்துவிடும் என்றும் இல்லை. அங்கே இரண்டாவது குலுக்கல் ஒன்று இருக்கிறது. அதில் வெல்வதும் தோற்பதும் நீங்கள் நட்ட விதத்தைப் பொறுத்தது.

முதல் குலுக்கலை முதலில் பார்ப்போம். பலர் சறுக்குவது அங்கேதான்.

ஆட்கள் யாரும் அருகில் இல்லாத நிலத்தில் சர்வர் சீட்டே எடுக்காது. எவ்வளவு தூரம்வரை அருகில் என்பதை சிமுலேஷன் தூரம் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. மாற்றாமல் விட்டால் அது 10 சங்க் (16 பிளாக் அகலமுள்ள நிலத்துண்டு), அதாவது 160 பிளாக். சுமை தாங்காத சர்வர்களில் இதைக் குறைத்தும் வைப்பார்கள். அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் வயல் அப்படியே உறைந்து நிற்கும். உடையவன் பாராத பயிர் உருப்படுமா என்ற பழமொழியை யாரோ நிரலாக எழுதிவைத்தது போல இருக்கிறது.

தனியாக விளையாடுகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டுப் பக்கத்தில் வயலைப் போட்டால் முடிந்தது. பலர் சேர்ந்து ஆடும் சர்வரில் கதை வேறு. பார்க்கிறவர் உடையவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யார் அருகில் நின்றாலும் பயிர் வளரும். ஆகவே நிலம் எங்கே நன்றாக இருக்கிறது என்று தேடுவது வீண் வேலை. ஆட்கள் எங்கே சும்மா நிற்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். எங்கள் சர்வரில் அது வியாபாரக் கூடம். கிராமவாசிகளோடு (விளையாட்டே இயக்கும் வியாபாரிகள்) பேரம் பேசவும், பெட்டிகளில் சாமான் அடுக்கவும், அரட்டை அடிக்கவும் எந்நேரமும் நாலு பேர் அங்கே இருப்பார்கள். பொது வயலை அந்தக் கூடத்துக்கு நேர் கீழே, தரைக்கடியில், அடுக்கடுக்காகக் கட்டினோம். நான் உள்ளே வராத நாளிலும் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் தனி வயல் வைத்திருப்பவர் அவர் வந்து நிற்கும் நேரத்துக்கு மட்டுமே விளைச்சல் பெறுகிறார். அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று சொன்னவர்கள் இந்த ஆழத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

தரைக்கடியில் கட்டினால் வெளிச்சக் கணக்கு ஒன்று உண்டு. பயிர் வளர வெளிச்சம் குறைந்தது 9 வேண்டும். தீப்பந்தத்தின் வெளிச்சம் 14. ஒரு கட்டம் தள்ளத் தள்ள ஒன்று குறையும். ஒன்பதுக்கு ஒன்பது பாத்தியின் நட்ட நடுவே ஒற்றைப் பந்தத்தை வைத்தால் மூலைக்கு, குறுக்கே நாலும் நெடுக்கே நாலுமாக, எட்டு கட்டம். 14-இல் 8 போக 6. மூலைச் செடி வளரவே வளராது. பந்தங்களைக் கூரையிலும் ஓரங்களிலும் பரப்பி வையுங்கள்.

போன வாரம் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தேன். பொழுது விடிந்துவிட்டது. பயிர் மட்டும் அப்படியே இருக்கிறதே?" பொழுது விடிந்ததே தவிர நேரம் ஓடவில்லை தம்பி என்றேன். படுத்தால் கடிகாரத்தின் முள் காலைக்குத் தாவுகிறது. இடைப்பட்ட டிக்குகள் நடப்பதே இல்லை. டிக் இல்லை என்றால் குலுக்கலும் இல்லை. வயல் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் படுங்கள் என்று அரட்டைப் பெட்டியில் கத்துகிறவர்களை நான் கண்டுகொள்வதில்லை. இருட்டுக்குப் பயந்தால் கீழே வந்து களை பிடுங்கட்டும். இந்த விளையாட்டில் களை கிடையாது என்பது வேறு விஷயம்.

இனி இரண்டாவது குலுக்கல். ஒவ்வொரு செடிக்கும் சர்வர் மதிப்பெண் போடுகிறது. செடி நிற்கும் மண் ஈரமாக இருந்தால் 4, காய்ந்திருந்தால் 2. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் உழுத மண்ணாக இருப்பவற்றில், ஈரமானதற்குத் தலா 0.75, காய்ந்ததற்குத் தலா 0.25. எல்லாம் சரியாக அமைந்தால் மொத்தம் 10. 25-ஐ இந்த மதிப்பெண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்டுங்கள். மூன்று வரும். மூன்று முறைக்கு ஒரு முறை செடி ஒரு படி வளரும் என்று பொருள்.

ஒரு கொக்கி இருக்கிறது. அதே பயிர் மூலைவாட்டில் பக்கத்தில் இருந்தாலோ, குறுக்கிலும் நெடுக்கிலும் இரண்டு திசையிலும் இருந்தாலோ மதிப்பெண் பாதியாகிவிடும். 10 என்பது 5 ஆகும். மூன்றில் ஒன்று ஆறில் ஒன்றாகும். வயல் முழுக்க ஒரே கோதுமையை அடைத்து நடுகிறவர் தன் வேகத்தைத் தானே பாதியாக வெட்டிக்கொள்கிறார். மாற்று வழி சுலபம்: ஒரு வரிசை கோதுமை, அடுத்த வரிசை கேரட், அதற்கடுத்தது மறுபடி கோதுமை. இடமும் அதே, உழைப்பும் அதே. கோதுமை முற்ற ஏழு படி ஏற வேண்டும். வரிசை மாற்றி நட்டால் சராசரியாக 24 நிமிடம், அடைத்து நட்டால் 48. தண்ணீரும் இல்லாமல் அடைத்து நட்டால் பதின்மூன்றில் ஒன்று. அது முற்றுவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தை நெருங்கிவிடும்.

ஒரு பாத்தியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒன்பதுக்கு ஒன்பது, நடுவில் ஒரே ஒரு தண்ணீர்க் கட்டம். தண்ணீர் நாலு பக்கமும் நாலு கட்டம்வரை ஈரமாக்கும், மூலைவாட்டிலும். ஆகவே மீதி 80 கட்டமும் ஈரம். நடுத்தண்ணீரின் மேல் ஒரு அல்லி இலையைப் போட்டுவிடுங்கள். நடக்கும்போது உள்ளே விழ மாட்டீர்கள். தண்ணீரை ஒட்டிய செடிக்கு ஒரு பக்கம் மண் குறைவதால் 9.25 தான் கிடைக்கும், ஆனாலும் கணக்கு மூன்றில் ஒன்றுதான். இடிப்பது ஓரத்தில். ஓரச் செடிக்கு 7.75, அதாவது நான்கில் ஒன்று. மூலைச் செடிக்கு 6.25, ஐந்தில் ஒன்று. பாத்திகளுக்கு இடையே வரப்பு விடாமல் ஒட்டி ஒட்டிப் போட்டால் ஓரம் என்பதே பெரும்பாலும் இல்லாமல் போய்விடும். அழகுக்காக நடுவில் கற்பாதை போடுகிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. அழகுக்கும் ஒரு விலை உண்டு, கொடுக்கட்டும்.

எதை நடுவது? விற்க என்றால் கேரட். உழவர் கிராமவாசி 20 கோதுமைக்கு ஒரு மரகதம் (இங்கே அதுதான் காசு) தருகிறார், 22 கேரட்டுக்கு ஒன்று, 26 உருளைக்கிழங்குக்கு ஒன்று. கோதுமை மலிவாகத் தோன்றும். ஆனால் முற்றிய கோதுமைச் செடி ஒரே ஒரு கதிர்தான் தரும். கேரட் இரண்டு முதல் ஐந்துவரை தரும். 40 செடி அறுத்தால் சுமார் 148 கேரட். மறு நடவுக்கு 40 போக 108, கிட்டத்தட்ட ஐந்து மரகதம். 40 கோதுமைக்கு இரண்டே இரண்டு. விளைச்சலைக் கூட்டும் ஃபார்ச்சூன் மந்திரத்தை மூன்றாம் நிலையில் ஏற்றிய கருவியால் அறுத்தால் கேரட் கணக்கு எட்டு மரகதமாகிவிடும். கோதுமையில் அந்த மந்திரம் விதையை மட்டுமே கூட்டும், கதிரைக் கூட்டாது. அறுப்பதால் அந்தக் கருவி தேய்வதும் இல்லை. அப்படியானால் கோதுமை எதற்கு? கேரட்டுக்கு அடுத்த வரிசையில் வேறு ஏதாவது நிற்க வேண்டுமே, அதற்காக. ரொட்டியும் கிடைக்கும். மிஞ்சும் விதையெல்லாம் உரத்தொட்டிக்குப் போகிறது. சராசரியாக இருபது விதைக்கு மேல் போட்டால்தான் ஒரு எலும்புத்தூள் (பயிரைச் சட்டென்று வளர்க்கும் உரம்) கிடைக்கும் என்பதால் அதை நம்பி யாரும் வயல் நடத்த முடியாது.

உழவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டார். ஒரு சரக்கை 16 தடவை வாங்கியதும் கதவைச் சாத்திவிடுவார். தன் உரத்தொட்டிக்குப் போய்வந்த பிறகே திறப்பார், அதுவும் நாளுக்கு இரண்டு தடவைதான். எல்லோரும் ஒரே உழவரிடம் கொட்டினால் அவர் கேட்கும் எண்ணிக்கையும் ஏறும். வயலைப் பெரிதாக்கும் முன் உழவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

தர்பூசணி, பூசணிக்கு மறு நடவே கிடையாது. காய் வந்ததைக் கண்டறியும் அப்சர்வரும் அதைத் தள்ளி உடைக்கும் பிஸ்டனும் வைத்து ஆள் இல்லாமலே அறுக்கலாம். தனி உலகத்தில் நானும் அதைத்தான் செய்வேன். சர்வரில் எனக்குத் தயக்கம். இங்கே ஒருவர் ராட்சத இயந்திரம் ஒன்றைக் கட்டினார். பொருட்களை அள்ளிப் பெட்டிக்கு அனுப்பும் நூற்றுக்கணக்கான ஹாப்பர்கள், மின்கம்பி போல ஓயாமல் துடிக்கும் ரெட்ஸ்டோன். நொடிக்கு 20 டிக் என்பது 12, 13 என்று இறங்கியது. டிக் குறைந்தால் எல்லோருடைய வயலும் அதே விகிதத்தில் மந்தமாகும், அவருடையதும் சேர்த்துத்தான். அவருடைய திறமையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவருடைய களஞ்சியம் நிறைய மற்றவர்கள் நேரத்தைக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத் திறன் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பொது வயலுக்கு வருகிறவர்களுக்கு: முற்றாத கோதுமையை அறுக்காதீர்கள், அதில் ஒரு விதை தவிர ஒன்றும் வராது. கடைசிக்கு முந்தைய படியும் தூரத்துப் பார்வைக்கு மஞ்சளாகத்தான் தெரியும். நுனி பழுப்பாகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கேரட்டில் அந்தக் குழப்பம் இல்லை, மண்ணுக்கு மேல் ஆரஞ்சு எட்டிப் பார்த்தால் அறுக்கலாம். அறுத்த கட்டத்தில் அறுத்தவரே நட வேண்டும். குதிக்க வேண்டாம், குதித்தால் உழுத மண் கட்டாந்தரையாகிச் செடியும் பெயர்ந்துவிடும். விதைப்பெட்டி படிக்கட்டின் இடதுபுறம் இருக்கிறது, மண்வெட்டி அதன் உள்ளேயே இருக்கும். மூன்றாம் அடுக்கின் கிழக்குப் பக்கத்தில் இன்னும் பந்தம் போதவில்லை. கரி வைத்திருப்பவர்கள் நாலைந்து போட்டுவிட்டுப் போங்கள்.