எத்தனை நகல் வைப்பது?

மையச் சர்வர் இல்லாமல் கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் பியர்-டு-பியர் வலையமைப்பில் தேடல் மெதுவானால் பலரும் தேடும் முறையைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள நகல்களின் எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை. உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு.

1000 கணுக்கள் (வலையமைப்பில் உள்ள கணினிகள்), 2 கோப்புகள், மொத்தம் 100 நகல்களுக்கு இடம் என்று வைத்துக்கொள்வோம். 100 தேடல்களில் 90 முதல் கோப்புக்கு, 10 இரண்டாவதற்கு. ஏதோ ஒரு கணுவிடம் கேட்டு, இல்லையென்றால் இன்னொன்றிடம் கேட்டுப் போனால், 50 நகல் உள்ள கோப்பு சராசரியாக 20 கேள்விகளில் கிடைக்கும். ஆகவே சமமாகப் பிரித்தால் சராசரி 20. தேவைக்கேற்ப 90, 10 என்று பிரித்தால் முதலாவதற்குச் சுமார் 11 கேள்வி போதும், இரண்டாவதற்கு 100 ஆகும். மொத்தச் சராசரி அதே 20தான்! தேவையின் வர்க்கமூல விகிதத்தில், அதாவது 3:1 என, 75, 25 வைத்தால் சராசரி 16. இதைவிடக் குறைக்க முடியாது என்பதைக் கணினி அறிஞர்கள் ஈடித் கோஹனும் ஸ்காட் ஷெங்கரும் 2002இல் நிறுவினார்கள்.

எந்தக் கோப்பை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று எந்தக் கணுவுக்கும் தெரியாதே? தெரிய வேண்டியதில்லை. ஒரு தேடல் எத்தனை கணுக்களைத் தொட்டதோ அதற்கேற்ற விகிதத்தில் புது நகல்களை உருவாக்கினால் போதும். அரிய கோப்புக்குத் தேடல் நீளும், நகலும் கூடும். நாளடைவில் வர்க்கமூல விகிதம் தானாக அமையும். நகல்களைத் தேடல் சென்ற பாதையிலேயே வைத்தால் ஒரே மூலையில் குவிந்துவிடும். தொட்ட கணுக்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வைப்பது மேல்.

பெரும்பாலும் கோட்டை விடுவது நீக்கும் விதியில். இடம் நிறைந்ததும் நெடுநாள் தொடப்படாத நகலை அழிக்கும் எல்ஆர்யூ முறையைப் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். அதில் பிரபலமான நகல்கள் மட்டும் நீண்ட நாள் தங்கும், விகிதம் குலையும். குலுக்கலாக நீக்குங்கள், அல்லது முதலில் வந்ததை முதலில் நீக்குங்கள்.

தேடலுக்கு எல்லா அண்டைக் கணுக்களுக்கும் செய்தி பரப்புவது வீண். ஆளுக்கு 4 அண்டைகள், டிடிஎல் (செய்தி அதிகபட்சம் எத்தனை கணு தாவலாம் என்ற வரம்பு) 7 என்றால் ஒரே கேள்வி 4372 செய்திகள் வரை பெருகும். ஒரே கணுவுக்குத் திரும்பத் திரும்ப வருபவை அதில் ஏராளம். 16 முதல் 64 வரை குறிப்பில்லா நடைகளை, அதாவது ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஓர் அண்டைக் கணுவுக்குச் செல்லும் தேடல் செய்திகளை, அனுப்புங்கள். ஒவ்வொன்றும் 4 அடிக்கு ஒருமுறை, தேடலைத் தொடங்கிய கணுவிடம் “கிடைத்துவிட்டதா?” என்று விசாரிக்கட்டும். இல்லாவிட்டால் கிடைத்த பிறகும் மற்ற நடைகள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஓரிரு நகலே உள்ள கோப்புக்கு இது உதவாது. அதற்குக் கடெம்லியா போன்ற டிஹெச்டி, அதாவது எந்தக் கோப்பு எந்தக் கணுவில் என்ற அட்டவணையைக் கணுக்களிடையே பகிர்ந்து வைக்கும் முறை, வேண்டும்: 10 லட்சம் கணுக்களிலும் சுமார் 20 தாவலுக்குள் எட்டிவிடும். ஆனால் ஹாஷ் சாவி (கோப்பிலிருந்தோ அதன் பெயரிலிருந்தோ கணக்கிடப்படும் அடையாள எண்) துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். பெயரில் பாதியைக் கொடுத்துத் தேட முடியாது.