துருவைத் துடைக்காத பூங்கா

ஜெர்மனியின் டியூஸ்பர்க் நகரில் 903 ஆம் எண் டிராமில் வடக்கே சென்று இறங்கிச் சிறிது தூரம் நடந்ததும், மரங்களுக்கு மேலே புகைபோக்கிகளும், இரும்புத்தாதை உருக்கும் ஊதுலைகளும் தெரிந்தன. 1985 இல் மூடப்பட்ட தீசன் நிறுவனத்தின் இரும்பாலை அது. அனைத்தையும் இடித்துத் தள்ளிவிட்டு, மேலே மண் பரப்பிப் புல் வளர்த்திருந்தாலும் குறை சொல்ல ஆளிருந்திருக்காது. ஆனால் நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ், ஆலை நின்றது நின்றபடியே இருக்க, அதைச் சுற்றியும் அதற்குள்ளும் பூங்காவை அமைத்தார். 1994 இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 180 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.

நான் நெடுநேரம் நின்றது பியாட்சா மெட்டாலிகா என்ற சதுக்கத்தில்தான். ஒரு காலத்தில் இரும்பு வார்க்கும் பகுதியில் கிடந்த 49 இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்து, வரிசைக்கு ஏழாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட சதுரம். குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெப்பம் தின்ற மேற்பரப்பில் அம்மைத் தழும்புகள் போன்ற பள்ளங்கள். அவற்றில் காலையில் பெய்த மழைநீர் தேங்கியிருந்தது. எடுத்த விரலில் செம்பழுப்புத் துரு ஒட்டியிருந்தது. அந்தத் துருவைத் துடைக்காமலும் வண்ணம் பூசாமலும் விட்டதே இங்குள்ள மிகப் பெரிய கலைச்செயல் என்று எனக்குத் தோன்றியது. அங்கே உழைத்தவர்களின் காலம் அந்தத் தகடுகளில் இன்னும் கையில் தட்டுப்படுகிறது.

மற்ற இடங்களும் இதே மனப்போக்கில் உருவானவைதாம். இரும்புத்தாது கொட்டிவைத்த தொட்டிகளின் காங்கிரீட் சுவர்களில் மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. எரிவாயு சேமித்த பெருங்கலனில் 13 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்பி, முக்குளிப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாக்கடையாக ஓடிய பழைய எம்ஷர் ஆற்றின் கழிவுநீர் இப்போது நிலத்தடிக் குழாயில் செல்ல, மேலேயுள்ள கால்வாயில் ஆலைக் கூரைகளிலிருந்து வடியும் மழைநீர் ஓடுகிறது. கரையில் நாணல் அடர்ந்திருந்தது.

ஐந்தாம் ஊதுலையின் படிகளில் ஏறி மேல்தளத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இறங்கி வருவதற்குள், 1996 இல் ஒளிக்கலைஞர் ஜொனாதன் பார்க் அமைத்த ஒளிவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. குழாய்களும் புகைபோக்கிகளும் பச்சையும் நீலமும் சிவப்புமாக மாறிக்கொண்டிருக்க, தகடுகளில் தேங்கிய நீரிலும் அந்த நிறங்கள் அசைந்தன.