அம்மாவின் முட்டியும் ஒரு ட்யூப் ஜெல்லும்

டிசம்பர் 18

மார்கழி பிறந்து மூன்றாம் நாள். நேர்ப்புள்ளி 15, இடைப்புள்ளி 8. அம்மா பாதிக் கோலத்தில் வாசல் நடையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். வலது முட்டி மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. மீதிக் கோலத்தை நான்தான் முடித்தேன். அதைக் கோலம் என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயில் தேய்மானம். 68 வயது, பி.பி. மாத்திரை வேறு ஓடுகிறது, அதனால் வலி மாத்திரை வேண்டாம், ஜெல்லில் ஆரம்பிப்போம் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் சொன்னார். ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை என்பதில் அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். ஆட்டோவில் வரும்போது, “தேய்க்கதுக்கு எதுக்குட்டி டாக்டரு?” என்றாள்.

டிசம்பர் 19

அட்டையில் இருந்ததைப் படித்தேன். டைக்ளோஃபினாக் டைஎத்திலமைன் 1.16%, ஆளிவிதை எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் 10%, மென்தால் 5%. அதென்ன 1.16? டைக்ளோஃபினாக் சோடியமாகக் கணக்கிட்டால் அது 1 சதவீதம், அவ்வளவுதான். முக்கியமான வலி மருந்து அதுதான். மென்தால் குளிர்ச்சிக்கு, மெத்தில் சாலிசிலேட் அந்தத் தைல வாசத்துக்கும் சுரீருக்கும். அம்மா நம்புவது சுரீரை மட்டும்தான்.

எவ்வளவு தடவ வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லுக்கு அமெரிக்காவில் டப்பாவோடு ஒரு அளவு அட்டை தருகிறார்கள். முட்டிக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. கைவிரல், மணிக்கட்டு என்றால் அதில் பாதி. கேக் செய்ய வாங்கிய தராசை எடுத்தேன். அம்மா வழக்கமாகப் பிதுக்கும் அளவைப் பட்டர் பேப்பரில் வைத்தால் தராசு பூஜ்யத்திலேயே நின்றது. ஒரு பட்டாணிகூட இல்லை. 4 கிராம் பிதுக்கியபோது நல்ல நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. “இதெல்லாம் ஒரு முட்டிக்கா!” என்று அம்மா வாயில் கை வைத்தாள். அந்தக் கணக்குப்படி 30 கிராம் ட்யூப் இரண்டு நாள்கூட முழுசாக வராது. எங்கள் வீட்டில் ஒரு ட்யூப் தீபாவளிக்குத் தீபாவளி வரும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பட்டாணி அளவு தேய்ப்பது, கேட்கவில்லை என்பது, அப்புறம் மாத்திரைக்குப் போவது. டாக்டருக்குப் போன் செய்தேன். 2 கிராம், மூன்று வேளை போதும், ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்.

டிசம்பர் 22

ஒரு வாரம் யார் பொறுப்பது?

நேற்று ராத்திரி குளிர் அதிகம். அம்மா ஜெல்லைத் தடவி, அதன் மேல் வெந்நீர்ப் பையை வைத்து, அசையாமல் இருக்க கிரேப் பேண்டேஜையும் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டாள். காலையில் பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேல் என்று தடம், ஓரத்தில் மிளகு அளவில் இரண்டு கொப்புளம். சூடு பட்டால் தோலில் ரத்த ஓட்டம் கூடும், மேலே இறுக்கிக் கட்டினால் மருந்துக்கு வெளியே போக வழியில்லை, எல்லாம் உள்ளேதான் இறங்கும். மென்தால், மெத்தில் சாலிசிலேட் உள்ள பூச்சுகளால் அபூர்வமாகத் தோல் வெந்துபோவதுண்டு என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-லேயே எச்சரித்திருக்கிறது.

“அம்பது வருசமா தைலம் தேச்சு ஒத்தடம் குடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகல” என்கிறாள். அம்பது வருஷம் தேய்த்தது நீலகிரித் தைலம். அதில் டைக்ளோஃபினாக் கிடையாது. தோல் ஆறும்வரை ஜெல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியாயமாக இதை நான் முதல் நாளே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் 26

இரண்டு நாளாக அம்மா செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கிறது. பி.பி. 158/94. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. எனக்கு வலி மாத்திரை மேல் சந்தேகம். முறுக்கு டப்பாவைத் திறந்தேன். (எங்கள் வீட்டில் ரகசியங்கள் எல்லாம் அங்கேதான்.) பத்து மாத்திரை அட்டை, ஆறு காலி. அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால். சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரைத் திட்ட எனக்கு வாய் இல்லை. தலைவலிக்கு நானும் இப்படித்தான் வாங்குகிறேன்.

“ஜெல்லுதான் கூடாதுன்னீங்க” என்றாள் அம்மா. சட்டப்படி சரிதான்.

அசிக்ளோஃபினாக்கும் டைக்ளோஃபினாக்கும் பங்காளிகள். ஜெல்லாகத் தடவினால், அளவோடு ஒரு முட்டிக்கு மட்டும் என்றால், ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். டாக்டர் ஜெல்லைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அம்மாவின் பி.பி. மாத்திரையில் டெல்மிசார்டனோடு நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. வலி மாத்திரை கிட்னிக்குள் ரத்தம் வரும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டன், ரத்தம் கிட்னியை விட்டு வெளியேறும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை உடம்பில் இருக்கும் தண்ணீரையே குறைக்கும். வரவு குறைந்து செலவு கூடினால் வடிகட்டும் அழுத்தம் எங்கிருந்து வரும்? இதை நான் விளக்க, அம்மா முறுக்கை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

டிசம்பர் 27

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, கிரியாட்டினின் 1.4. போன வருஷம் 0.9. மாத்திரை நிறுத்தம். இனி எங்கே வலி மாத்திரை வாங்கினாலும் பி.பி. சீட்டைக் காட்டி வாங்கவேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார், அம்மாவைப் பார்த்துக்கொண்டே.

ஜனவரி 2

தோல் உரிந்து புதுத்தோல் வந்துவிட்டது. இந்தத் தடவை மென்தால் இல்லாத ஜெல். அம்மாவுக்குத் திருப்தி இல்லை, “தண்ணி மாதிரி இருக்கு”.

தடவிய விரலை முதலில் காகிதத்தில் துடைத்து, அப்புறம் கழுவச் சொல்லியிருக்கிறேன். அந்த முட்டியைக் கொஞ்ச நேரம் சேலை படாமல் விடவேண்டும். இன்னொரு சிக்கல், மீனாட்சி. எங்கள் பூனை. அம்மாவின் மடியில்தான் தூக்கம், எழுந்ததும் முட்டியை நக்கும். ஃபுளூர்பிப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தை வீட்டுக்காரர்கள் தடவிக்கொண்டதால் பூனைகள் நோய்ப்பட்டுச் செத்த சம்பவத்தை 2015-ல் எஃப்.டி.ஏ. வெளியிட்டது. பூனையின் ஈரலுக்கு இந்த வகை மருந்துகளைச் சமாளிக்கத் தெரியாது.

பிணந்தின்னிக் கழுகுக் கதையையும் சொன்னேன். மாட்டுக்குப் போட்ட இதே டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் கிட்னியை அழித்தது. கால்நடை மருந்தாக அதை 2006-ல் இந்தியா தடை செய்தது. இன்று தமிழ்நாட்டில் அவை மிஞ்சியிருப்பது முக்கியமாக மாயாறுப் பள்ளத்தாக்கில். அம்மா கழுகுகளைக் கண்டுகொள்ளவில்லை. மீனாட்சியை மடியிலிருந்து இறக்கிவிட்டாள்.

ஜனவரி 9

கிரியாட்டினின் 1.0. கால் வீக்கம் வடிந்துவிட்டது. முட்டி வலி இருக்கிறது, ஆனால் படி இறங்க என் தோளைத் தேடுவதில்லை.

சாயங்காலம் பழைய மென்தால் ட்யூபைக் காணோம். மாடி வீட்டு அக்கா மருமகளுக்கு இடுப்பு வலி என்று கேட்டாளாம், அம்மா தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாசம். நான் ஓடினேன். கர்ப்பத்தில் 20 வாரத்துக்கு மேல் இந்த வகை மருந்துகளால் குழந்தையின் கிட்னி பாதித்துப் பனிக்குட நீர் குறையலாம் என்று 2020-ல் எச்சரிக்கை வந்தது. 30 வாரத்துக்கு மேல் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக் குழாய் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்து. பூசுகிற ஜெல்லில் ரத்தத்தில் சேரும் அளவு குறைவுதான், ஆனாலும் அவளுடைய டாக்டரைக் கேட்காமல் யார் பொறுப்பு? நல்லவேளை, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, குமட்டுகிறது என்று அவளே வைத்துவிட்டாளாம்.

ஜனவரி 13

போகி. அலமாரியை ஒழித்ததில் ஏழு ட்யூப்கள். ஒன்று 2019-லேயே காலாவதி. எதிலும் பாதிக்குமேல் தீரவில்லை. எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டினேன். ஒன்றை மட்டும் அம்மா திரும்ப எடுத்து, மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கவருக்குள் போட்டாள்.

நாளைக்குப் பொங்கல் பானைக் கோலம். அம்மா வாசலில் நாற்காலி போட்டுப் புள்ளி சொன்னாள், நான் குனிந்து வைத்தேன். எட்டாவது வரிசையில் ஒரு புள்ளி கூடிப்போயிற்று. அழித்து வைக்கச் சொல்கிறாள்.