அசல் என்றார்கள், மதிப்பெண் தரவில்லை

தரம் பார்க்க வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய நாணயம் கைக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் ‘எக்ஸ்எஃப் டீடெயில்ஸ், கிளீன்ட்’ என்று அச்சடித்திருக்கிறது. நாணயம் சேர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நாணயம் அசல்தான், தேய்மானமும் அதிகமில்லை, ஆனால் யாரோ துலக்கிவிட்டார்கள், அதனால் 70க்கு இத்தனை என்று எண் போட மாட்டோம். அந்த ‘யாரோ’ என் அம்மா.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்தது அது. 1899ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வணிக டாலர். ஒரு பக்கம் பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியா கையில் மூன்று முனைச் சூலத்தோடு நிற்பாள். மறுபக்கம் சீனத்திலும், மலாயை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்திலும் ஒரு டாலர் என்று இருக்கும். சூலத்தைப் பார்த்த பாட்டி அதை ‘அம்மன் காசு’ என்றே சொல்லிவந்தார். அப்புறம் அது பூஜை அறைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அதற்கும் திருநீற்றுத் தேய்ப்பு. 1903இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸுக்கென்று தனி டாலர் வந்தபோது பழைய டாலர்களைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். அதிலிருந்து தப்பிய காசு எங்கள் வீட்டுத் திருநீற்றிடம் மாட்டிக்கொண்டது.

ஆனால் என் கவலையெல்லாம் அப்போது வேறு. இந்த வகை டாலருக்குப் போலிகள் ஏராளம். இதுவும் போலியாக இருந்துவிட்டால்?

முதல் தப்பு, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனது. முகப்பில் இருந்தவர் பேசிக்கொண்டே உரைகல்லை எடுத்தார். “ஓரத்துல ஒரு உரசுதான் தம்பி, தெரியாது” என்றார். பிடுங்காத குறையாக வாங்கினேன். தயவுசெய்து நாணயத்தை யாரிடமும் உரசக் கொடுக்காதீர்கள். பிறகு எக்ஸ்ரே கருவியில் வைத்தார்கள். வெள்ளி 92 சதவீதம் என்று காட்டியது. இருக்க வேண்டியது 90. அன்றிரவு தூக்கம் போச்சு. பிறகுதான் புரிந்தது: பழைய வெள்ளிக் காசுகளின் மேற்பரப்பிலிருந்து செம்பு கொஞ்சம் போய்விடும், கருவியோ மேல்தோலை மட்டுமே பார்க்கும். அதனால் அளவு கூடுதலாகக் காட்டலாம். கனமான வெள்ளி முலாம் பூசிய போலியும் அதே சோதனையில் தேறிவிடும். கிளம்பும்போது, எடைக்கு எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வெள்ளிக்கு எத்தனை வெள்ளி என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. டாலரை நாம் ‘வெள்ளி’ என்று சொல்வதே இந்தக் காசுகளால்தான் என்று சொல்ல நினைத்து, விட்டுவிட்டேன்.

இரண்டாவது தப்புக்கு 45 வெள்ளி செலவு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்று ஒரு நாணயச் சந்தையில் அதே வகை டாலர் ஒன்று வாங்கினேன். பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. சந்தையில் வாங்கியதுதான் அழகு. அப்படியானால் பாட்டியுடையதுதான் போலி என்று முடிவுகட்டி இரண்டு நாள் அம்மாவிடம் சொல்லாமல் சுற்றினேன்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. செம்பும்தான் ஒட்டாது, ஆக அதை நம்பிப் பயனில்லை. தட்டிச் சத்தம் கேட்கலாம் என்பார்கள். என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான், கீழே விழுந்தால் விளிம்பு நசுங்கும். சமையலறைத் தராசு பாட்டியின் காசை 27 என்று முழு எண்ணில் சொல்லி நிறுத்திக்கொண்டது. கடைசியில் 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது.

வணிக டாலர் 26.95 கிராம், விட்டம் 39 மில்லிமீட்டர். பாட்டியின் காசு 26.86. நூறு வருடத் தேய்மானத்துக்கு அந்தக் குறைவு சரி. சந்தைக் காசு 23.4! உறுதி செய்ய ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் மூழ்கவிட்டேன். இரண்டுக்கும் தராசு 2.6 கிராம் காட்டியது. காசின் எடையை அதால் வகுத்துப் பார்த்தால் பாட்டியுடையது 10.3. 90 சதவீத வெள்ளிக்கு வரவேண்டிய அடர்த்தி அதுதான். மற்றது 9, அதாவது செம்பு வகையறா. சந்தைக் காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மிச்சமும் தெரிந்தது. சூலத்தின் நடு முனையில் இருக்க வேண்டிய பம்பாய் நாணயச்சாலையின் ‘பி’ எழுத்து வெறும் கட்டியாக இருந்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு ஒன்றும் ஓடியது. அன்று இரவு அம்மாவிடம் ‘அம்மன் காசு அசல்’ என்றேன். “இதுக்கு எதுக்குடா இத்தனை பாடு” என்றார்.

தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பும் இடைத்தரகர் கடைக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை படிவத்தில் நாடு என்ற இடத்தில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்’ என்று எழுதினேன். முகப்பில் இருந்த பெண் தப்பு என்றார். சரியானது எது என்று கேட்டால், அது உங்கள் வேலை என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் பட்டியல்களில் இது ‘கிரேட் பிரிட்டன்’ கீழ் இருப்பது தெரிந்தது. பம்பாயில் அடித்து, ஆசியாவில் புழங்கிய காசு! இரண்டாவது தடவை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அனுப்புமுன் மேசை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சுழற்றிப் பார்த்திருந்தால் கட்டணம் மிஞ்சியிருக்கும். துலக்காத காசில் ஒளி சக்கரம் போலச் சுழலும். துலக்கியதில் ஒளி அசையாமல் செத்துக் கிடக்கும், உற்றுப் பார்த்தால் முடி போன்ற கீறல்கள் கூட்டமாக ஒரே பக்கம் ஓடும். நான் பிரிட்டானியாவின் முழங்கால் தேய்ந்திருக்கிறதா, கேடயத்தின் கோடுகள் நிற்கின்றனவா என்று மேடான இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உருவத்தைச் சுற்றியுள்ள வெற்று வெளியைப் பார்க்கவில்லை.

பெட்டியோடு அம்மாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே திறப்பது என்று கேட்டார். திறக்கக்கூடாது, திறந்தால் சான்றிதழ் போய்விடும் என்றேன்.

“அப்போ வெள்ளிக்கிழமை எப்படிடா தேய்க்கிறது?”