சின்ன அணிக்கு வேலை பெரிசு: பேர்மிங்ஹாம் 2022இல் ஒரு தீவு நாட்டு அணியோடு

பொதுநலவாய (கொமன்வெல்த்) விளையாட்டுப் போட்டிக்குத் தொண்டராகப் போவது எப்படி, என்ன கேட்பார்கள், என்ன வேலை தருவார்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். 2022இல் பேர்மிங்ஹாமில் நான் செய்த வேலையை வைத்து எழுதுகிறேன். விண்ணப்பம் நிரப்புகிற விதத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. தொடக்க விழாவில் ஒரு கொடியும் பத்துப் பேருமாக நடந்து வந்து மறைகிற நாடுகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அந்த மைதானத்துக்கு வந்து சேர எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைக் கிட்ட நின்று பார்த்தவள் நான். அதைத்தான் சொல்ல வேண்டும்.

என்னை இணைத்தது பசிபிக் தீவு நாடு ஒன்றின் அணியோடு. பெயர் எழுதப்போவதில்லை. ஓர் அணியில் பதினைந்து பேர்தான் என்றால், நாட்டின் பெயரைச் சொல்வது ஆளின் பெயரைச் சொல்வதுபோல்தான்.

முதலில் விண்ணப்பம். 2021 ஜூனில் தொண்டர்களுக்கான அழைப்பு வந்தது. சம்பளம் இல்லை, தங்குமிடம் இல்லை. பணி நாளில் சாப்பாடும் சீருடையும் உண்டு. விண்ணப்பத்தில் மொழி, வாகன அனுமதிப்பத்திரம், முதலுதவி, முன் அனுபவம் எல்லாம் கேட்டார்கள். எனக்கு விளையாட்டு அனுபவம் என்று சொல்ல எதுவும் இல்லை. வைத்தியசாலை அலுவலகம் ஒன்றில் ஆட்களின் பணி அட்டவணை போடுகிற வேலை. நேர்முகத்தில் அதைத்தான் சொன்னேன்: ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஆள் தேவைப்பட்டால் என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன், யாரிடம் கேட்காமல் முடிவெடுக்கமாட்டேன். அணிகளோடு நேரடியாக நிற்கும் உதவியாளர் வேலை கிடைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓடத் தெரிந்தவர்களைவிட ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர்கள்தான் அந்த வேலைக்கு வேண்டும். பிறகு பின்னணிச் சரிபார்ப்பு, இணையவழிப் பயிற்சி, நேரடிப் பயிற்சி, சீருடை, அடையாள அட்டை. இவை பெரிய சிக்கல் இல்லை, பொறுமை போதும்.

சிக்கல் அணியின் பக்கம்தான் இருந்தது.

பேர்மிங்ஹாமில் முதலில் பெரி பார் என்ற பகுதியில் ஒரே விளையாட்டுக் கிராமம் கட்டுவதாக இருந்தது. கொரோனாவால் வேலை பிந்தி, 2020இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பதிலாக பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம், வாரிக் பல்கலைக்கழகம், என்.ஈ.சி. எனும் தேசியக் கண்காட்சி நிலையம் என்று மூன்று இடங்களில் வீரர்களைத் தங்கவைத்தார்கள். எந்த நாடு என்று பார்த்துப் பிரிக்கவில்லை, எந்த விளையாட்டு என்று பார்த்துப் பிரித்தார்கள். நீச்சல்காரரும் மெய்வல்லுநர்களும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். பளுதூக்குபவர்களும் குத்துச்சண்டைக்காரரும் என்.ஈ.சி.யில். மல்யுத்தமும் ஜூடோவும் வாரிக்கில். அதற்குப் பெயர்தான் வாரிக், கிடப்பது நான் குடியிருக்கும் கவன்ட்ரியின் ஓரத்தில்.

அவுஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ இது பெரிய விஷயமில்லை. மூன்று இடத்திலும் முகாமையாளர், வைத்தியர், உடற்சிகிச்சையாளர் என்று ஆள் நிறுத்தலாம். எத்தனை அதிகாரிகள் வரலாம் என்பது எத்தனை வீரர்கள் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வீரர் குறைந்தால் அதிகாரியும் குறைவு. எங்கள் அணியின் தலைவர்தான் முகாமையாளர், கணக்காளர், தொடர்பாளர், சில நேரம் சாரதியும். பயிற்றுவிப்பாளர் ஒருவர் தன் விளையாட்டு அல்லாத இன்னொன்றுக்கும் பொறுப்பு. வைத்தியர் இல்லை.

அணி வந்து இறங்கியதும் முதல் வேலை பதிவுக் கூட்டம். அணித் தலைவர் அமைப்பாளர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு வீரரின் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு, எந்தப் போட்டி என்பதை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். அது முடிந்தால்தான் அணியின் எண்ணிக்கை உறுதியாகும், அறை எத்தனை, வாகனம் என்ன என்பதெல்லாம் தீரும். பெரிய நாடுகளுக்கு இதற்கென்றே அலுவலகம் உண்டு. எங்கள் தலைவர் பல விமானம் மாறி வந்து, கண் சிவந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு உட்கார்ந்தார். அந்தக் கோப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கடவுச்சீட்டுப் பிரதியும் தனித்தனி உறையில், வெவ்வேறு நிறத் தாளில் குறிப்போடு இருந்தது. ஒரு பெயரில் எழுத்து மாறியிருந்ததை, அமைப்பாளர் கேட்க முன்னமே எடுத்துக் காட்டினார். இதுவும் ஒரு போட்டிதான். அவர் அதில் முதலாவதாக வந்தார் என்று நான் மனதார எழுதுகிறேன்.

வந்த பெட்டிகளில் ஒன்று வழியில் எங்கேயோ தங்கிவிட்டது. உள்ளே பளுதூக்கும் பெண்ணின் சப்பாத்து. பளுதூக்கும் சப்பாத்து சாதாரணச் சப்பாத்து இல்லை. குதி உயர்ந்து, அமுங்காமல், கல் மாதிரி இருக்கும். ஓட்டச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நூறு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினால் கால் ஆடிவிடும். கடையில் தேடலாமா என்று நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். தலைவர் சிரித்தார்.

"பொறு சிஸ்டர், முதலில் மற்றத் தீவுகளிடம் கேட்போம்."

சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேசையாகப் போனார். ஒவ்வொரு மேசையிலும் கட்டிப்பிடித்து, குசலம் விசாரித்து, பிறகு கால் அளவு கேட்டார். இரவுச் சாப்பாடு முடிய முன்னம் சப்பாத்து வந்துவிட்டது, வேறொரு கொடியின் நிறத்தில். பசிபிக் பளுதூக்கலில் இது புதிதில்லை. நியூ கலிடோனியாவில் இருந்த ஓசியானியா பளுதூக்கல் நிலையத்தில் பல தீவுகளின் வீரர்கள் ஒரே கூரையின் கீழ் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். மேடையில் போட்டி, மேடைக்குப் பின்னால் சொந்தம். நான் யாழ்ப்பாணக் கடலில் உள்ள நெடுந்தீவில் பிறந்தவள். அங்கே போகக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நின்றவர்களுக்கு இந்தக் கேட்டு வாங்கும் பழக்கம் விளங்கும். தலைவரிடம் அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னை உதவியாளராக நடத்தவில்லை, வீட்டு ஆளாக நடத்தினார்.

அடுத்தது தடிமன். அந்த வருடம் கொரோனாப் பரிசோதனைகளும் இருந்தபடியால் யாராவது தும்மினாலே எல்லோருக்கும் நெஞ்சு பதறும். ஓட்ட வீரர் ஒருவருக்கு மூக்கடைப்பு. பரிசோதனையில் கொரோனா இல்லை. தெருமுனை மருந்துக் கடையில் ஒரு குளிசை வாங்கித் தந்தால் போதும் என்று யாரோ சொல்ல, தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். இங்கிலாந்துக் கடைகளில் விற்கும் சில மூக்கடைப்புக் குளிசைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும். போட்டி நாளில் சிறுநீரில் அது குறித்த அளவுக்கு மேல் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். தெரியாமல் குடித்தேன் என்பது தப்பிக்கும் வழியில்லை, உடம்பில் என்ன இருந்தாலும் வீரரே பொறுப்பு. வீரர்கள் தங்கிய இடத்து மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் மருந்தின் பெயரைத் தடைப்பட்டியலில் சரிபார்த்து, உப்புநீர் மூக்குத் தெளிப்பானும் பரசிற்றமோலும் கொடுத்தார். வாங்கிய மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை அடையாள அட்டை உறைக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். சோதனைக்குக் கூப்பிட்டால், கடைசி ஏழு நாளில் என்னென்ன எடுத்தாய் என்று படிவத்தில் கேட்பார்கள். அப்போது யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. தொண்டராகப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: வீரருக்கு நீங்கள் ஒருபோதும் மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். கறுவாத் தேநீரைக்கூடக் கொடுக்காதீர்கள், மூலிகைப் பொதி என்று எழுதியதையும் கொடுக்காதீர்கள்.

தொடக்க விழா பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஜூலை 28, அலெக்சாண்டர் மைதானம். முந்திய போட்டியை நடத்திய அவுஸ்திரேலியா முதலில், அடுத்து ஓசியானியா நாடுகள். எங்கள் பிள்ளைகள் உள்ளே போனபோது நான் அழுதேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2ஆம் திகதிதான் எல்லாமே ஒன்றாக வந்து விழுந்தது. அன்று காலை அலெக்சாண்டர் மைதானத்தில் 100 மீற்றர் முதற்சுற்று. அதே நாள் என்.ஈ.சி.யில் பளுதூக்கல். இரண்டுக்கும் நடுவே நகரமே கிடக்கிறது. தலைவர் காலையில் ஓட்டத்துக்கு, அங்கிருந்து பளுதூக்கலுக்கு. வாகன நேரம், சாப்பாட்டுப் பொதி, எந்த வாசலால் உள்ளே விடுவார்கள் என்பதெல்லாம் முதல்நாள் இரவே எழுதி ஒட்டினேன். என் வைத்தியசாலை அனுபவம் அங்கேதான் கைகொடுத்தது.

ஓட்ட வீரர் தன் சுற்றில் கடைசிக்கு முந்தி வந்தார். அரங்கில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வந்தபோது, தலைவர் கேட்டது படம் அல்ல. "முடிவுத் தாள் எடுத்துத் தா சிஸ்டர், காற்றின் வேகம் இருக்கிற தாள்." காற்று பின்னாலிருந்து வினாடிக்கு 2 மீற்றருக்கு மேல் தள்ளினால் நேரம் சாதனையாகச் செல்லாது. விளையாட்டுத் தகவல் மேசையில் போய் அந்தத் தாளை வாங்கினேன். அன்றைய காற்று எல்லைக்குள். அவர் ஓடிய நேரம் அவருடைய வாழ்நாளில் மிகச் சிறந்தது. தலைவர் அந்தத் தாளை நெற்றியில் ஒற்றிக்கொண்டு பிளாஸ்டிக் கோப்புக்குள் வைத்தார். சில தீவுகளில் ஓட ஒழுங்கான தடமே இல்லை. துவாலுவின் புனாபுட்டியில் விமானம் இறங்காத நேரத்தில் ஓடுபாதைதான் விளையாட்டுத் திடல். அப்படியான இடங்களிலிருந்து வந்து, மின்னணு நேரக்கணிப்பில், சட்டப்படியான காற்றில் ஒரு நேரம் பதிவாவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தத் தாளைப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடைசிக்கு முந்தி என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

பளுதூக்கலில் எனக்கு அன்று ஒருநாள் அனுமதி கிடைத்து, சூடேற்றும் அறையின் ஓரத்தில் துவாயும் தண்ணீர்ப் போத்தலுமாக நின்றேன். போட்டிக்கு இரண்டு மணித்தியாலம் முன்னம் எடை பார்த்தாயிற்று. வெளியே இருந்து பார்த்தால் தூக்குவதுதான் வேலை. உள்ளே நடப்பது கணக்கு. தன் முறைக்கு இன்னும் எத்தனை தூக்கல் இருக்கிறது என்று எண்ணி, அதற்கேற்ப உடம்பைச் சூடேற்ற வேண்டும். யாராவது தாங்கள் கேட்ட எடையை மாற்றினால் வரிசையே மாறும். பெயர் கூப்பிட்டால் மேடையில் ஒரு நிமிடம்தான். தொடர்ந்து அதே ஆள் தூக்குவதென்றால் இரண்டு நிமிடம். ஆகவே ஒருவர் மேசையில் எடை எழுதும் அட்டையோடு நின்று எடை மாற்றங்களைப் பார்க்க வேண்டும், ஒருவர் அறையில் தட்டு மாட்ட வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரேயொரு பயிற்றுவிப்பாளர். அவர் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு தீவின் பயிற்றுவிப்பாளர் வந்து அட்டையைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார். தன் நாட்டுப் பெண்ணோடு அதே போட்டியில் நிற்கும் பிள்ளைக்கு அவர் எண்ணிக்கை பார்த்தார். எங்கள் பிள்ளை இரவல் சப்பாத்தோடு ஆறு தூக்கலில் ஐந்தை வென்றாள். பதக்கம் இல்லை. அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகச் சப்பாத்தைக் கழற்றி, துடைத்து, இரவல் தந்தவரிடம் கொடுத்தாள்.

அன்றுதான் நவுருவின் மாக்சிமினா உவேபா 76 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். நவுரு 21 சதுர கிலோமீற்றர் நிலம், சுமார் 12,000 பேர். 1990இல் ஓக்லாந்தில் மார்க்கஸ் ஸ்டீபன் பளுதூக்கலில் தங்கம் வாங்கித் தொடக்கிவைத்த வழி அது. அவர் பிறகு அந்த நாட்டின் சனாதிபதியாகவும் இருந்தார். அதே பேர்மிங்ஹாமில் நியுவேயும் குத்துச்சண்டையில் வெண்கலம் எடுத்தது. சுமார் 1,700 பேர் வாழும் நாடு. 2002இல் மான்செஸ்டரில் முதன்முதல் கலந்துகொண்டு, இருபது வருடம் கழித்து டியூகன் துத்தாகிட்டோவா வில்லியம்ஸ் கையால் முதல் பதக்கம். சாப்பாட்டுக் கூடத்தில் தீவுகளின் மேசைகள் எல்லாம் பாட்டுப் பாடின. எந்தக் கொடிக்குப் பதக்கம் என்று கேட்டால் அங்கே யாரும் பிரித்துச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இனிப் போக நினைப்பவர்களுக்கு. 2026 போட்டி கிளாஸ்கோவில், ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரை, பத்து விளையாட்டுகள் மட்டும். தனிக் கிராமம் கிடையாது, வீரர்கள் விடுதிகளில். பளுதூக்கலும் குத்துச்சண்டையும் ஜூடோவும் உண்டு. மல்யுத்தமும் கடற்கரைக் கரப்பந்தும் இல்லை. சின்ன நாடுகளுக்கு இந்தக் குறைப்பு நல்லதா கெட்டதா என்பதைச் செலவை வைத்து மட்டும் பார்க்கக்கூடாது. ஒரு தீவின் ஒரேயொரு மல்யுத்தக்காரருக்கு அது நான்கு வருட உழைப்பு. 2030 அகமதாபாத்தில். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு அது கிட்ட.

அணிகளோடு நிற்கும் வேலைக்கு விருப்பம் என்று விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். சின்ன அணி தந்தாலும் சரி என்று நேர்முகத்தில் வாய்விட்டே சொல்லுங்கள், நிறையப் பேர் அதைச் சொல்வதில்லை. போட்டி தொடங்க முன்னம் உங்கள் அணியின் விளையாட்டு விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள். முடிவுத் தாள் எந்த மேசையில் கிடைக்கும், மருத்துவ நிலையம் எத்தனை மணிக்குப் பூட்டும், கடைசி வாகனம் எப்போது என்பதை முதல்நாளே கேட்டு வையுங்கள். அந்த மூன்றையும்தான் என்னிடம் தினமும் கேட்டார்கள்.