ஆச்சி வீட்டுத் தரையும் ஒரு வரையறையும்

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விடுதிச் சாப்பாடு, கொப்புடையம்மன் தேர், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தது எல்லாம் போன மலர்களில் மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் கணக்கில் ‘தொடர்ச்சியான சார்பு’ என்ற ஒரு வரையறையைப் பற்றி எழுதப்போகிறேன். கணக்குப் படிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், ஆத்தங்குடித் தரைக் கல்லில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது புரியும்.

எம்.எஸ்ஸி. முதல் வருடம், டோபாலஜி பேப்பர். தூரம், நீளம், அளவு எதுவும் இல்லாமல் ‘ஓப்பன் செட்’ என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வெளியைப் பற்றிப் பேசுகிற பாடம். கணம் என்றால் புள்ளிகளின் தொகுப்பு. திறந்த கணம் என்றால், அதில் எந்தப் புள்ளியில் நின்றாலும் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும், அந்த இடமும் அதே கணத்துக்குள் இருக்க வேண்டும். விளிம்பில் நிற்கிற புள்ளி கூடாது, அவ்வளவுதான். 1914-ல் ஹவுஸ்டோர்ஃப் என்ற ஜெர்மன் கணித அறிஞர் இந்த ‘சுற்றியுள்ள இடம்’ என்பதையே அடிப்படை விதியாக எடுத்துக்கொண்டு மேலே கட்டினார் என்று சார் முதல் வகுப்பில் சொன்னார். ஒரு வாரத்தில் தொடர்ச்சியான சார்பு வந்தது. சார்பு என்றால் ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளியையும் இன்னொரு வெளியில் ஒரே ஒரு புள்ளிக்கு அனுப்புவது, எங்கும் தாவாமல் அனுப்பினால் தொடர்ச்சியானது. ‘போய்ச் சேருகிற வெளியில் எந்தத் திறந்த கணத்தை எடுத்தாலும் அதன் முன் உரு, கிளம்புகிற வெளியில் திறந்த கணமாக இருக்க வேண்டும்.’ ஒரே வரி. முன் உரு என்றால், அந்தக் கணத்துக்குள் போய் விழுகிற புள்ளிகள் எல்லாம் சேர்ந்தது.

முதல் டெஸ்டில் நான் அதைத் திருப்பி எழுதினேன். திறந்த கணத்தின் நிழல் உரு, அதாவது அதன் புள்ளிகள் போய் விழுகிற இடம், திறந்த கணமாக இருந்தால் அது தொடர்ச்சியான சார்பு என்று. மறந்துபோய் எழுதவில்லை, அப்படித்தான் இருக்க முடியும் என்று நம்பி எழுதினேன். சார்பு இங்கிருந்து அங்கே போகிறது, அப்புறம் எதற்கு அங்கே நின்றுகொண்டு இங்கே திரும்பிப் பார்க்க வேண்டும்? சார் முழு மார்க்கையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் ‘எல்லாப் புள்ளியும் 5-க்கே போனால்?’ என்று எழுதியிருந்தார். வேறு ஒரு சொல் இல்லை.

அந்த ஒரு வரியோடு இரண்டு நாள் கிடந்தேன். எல்லா எண்ணும் 5-க்கே போகிற சார்பில் எந்தத் தாவலும் கிடையாது, அதைவிடச் சாதுவான சார்பு உலகத்திலேயே இல்லை. ஆனால் எந்தத் திறந்த இடைவெளியை அனுப்பினாலும் 5 என்ற ஒற்றைப் புள்ளிதான் வந்து நிற்கும், எண்கோட்டில் ஒற்றைப் புள்ளி திறந்த கணம் ஆகாது. என் வரையறைப்படி இது தொடர்ச்சி இல்லாத சார்பு! வர்க்கம் எடுக்கிற சார்பும் அப்படியே: -1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளி, 0-வை விளிம்பாக வைத்துக்கொண்டு 1-ஐ மட்டும் விட்டுவிட்டு வந்து விழுகிறது. நான் எழுதியதற்கு ‘ஓப்பன் மேப்’ என்று தனிப் பெயரே உண்டு, அது வேறு பண்பு. சரி, என் வரையறை தவறு. ஆனால் ஏன் பின்னாலிருந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை.

அப்போது நான் காரைக்குடியில் ஒரு ஆச்சி வீட்டின் முகப்பு அறையில் வாடகைக்கு இருந்தேன். சார் அந்த வீட்டுக்கு வேண்டியவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணைக்கு வருவார். அன்றைக்கு ஆச்சியின் பேத்திக்கு ஒரு வரன் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பையன் படிப்பு, வேலை எல்லாம் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை ஆச்சி பேசவே இல்லை, முடித்ததும் “அதெல்லாம் கெடக்கட்டும், எந்தக் கோயிலு?” என்றார்கள். நகரத்தார்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு கோயில்.

சார் என் பக்கம் திரும்பினார். “தம்பி, இது சார்பா இல்லையா?” என்றார். புள்ளியிலிருந்து கோயிலுக்கு. சார்புதான். “மாத்தூரோட முன் உரு என்ன?” மாத்தூர்க் கோயில் புள்ளிகள் எல்லாம். “வைரவன்பட்டியோடது?” அந்தக் கோயில் புள்ளிகள். “இந்த ரெண்டுலயும் இருக்கிற புள்ளி ஏதாவது உண்டா?” கிடையாது. “இப்ப முன்பக்கமா வா. தேவகோட்டையில குடியிருக்கிற புள்ளிகளை எடு, காரைக்குடியில குடியிருக்கிறவங்களை எடு. ரெண்டுலயும் பொதுவா யாரும் இல்ல. கோயிலுக்கு அனுப்பு.” இரண்டு ஊரிலும் இளையாற்றங்குடிக்காரர்கள் இருக்கிறார்கள். கிளம்பும்போது வெட்டிக்கொள்ளாத இரண்டு கணம், போன இடத்தில் வெட்டிக்கொள்கிறது.

டோபாலஜி என்பதே சேர்ப்பும் வெட்டும்தான். திறந்த கணங்களை எத்தனை சேர்த்தாலும் திறந்தது, முடிவுள்ள எண்ணிக்கையில் வெட்டினாலும் திறந்தது. முன் உரு இந்த இரண்டையும் சேதமில்லாமல் கொண்டுவந்து கொடுக்கும், கணத்துக்கு வெளியே மிஞ்சுகிற நிரப்பியைக்கூட. நிழல் உரு வெட்டுக் கணத்தையே கெடுத்துவிடும். வரையறை ஏன் பின்னாலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரான காரணத்தை நான் அப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை.

அதோடு சார் விட்டுவிடவில்லை. எழுந்து வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் போனார், நானும் பின்னால் போனேன். வளவைச் சுற்றி ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள், கண்ணாடியில் பட்ட முகம்தான் நாம் மிதிக்கிற முகம். அந்த வீட்டுக் கல்லில் நடுவில் ஒரு கொடி, நான்கு மூலையிலும் கால் கால் பூ. சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சாக்பீஸால் ஒரு கல்லைச் சுற்றிக் கோடு போட்டார்.

“தரையில எங்க விரலை வச்சாலும், அது கல்லுல எந்த இடம்னு சொல்லணும். அதுதான் சார்பு. ரெண்டு கல் சேர்ற கோட்டுல வச்சா, வலப்பக்கத்துக் கல்லோட இடது ஓரம்னு வச்சுக்க.” இது தொடர்ச்சியா என்றார். விரலை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினேன். கோட்டைத் தாண்டுகிற இடத்தில் கல்லின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு ஒரே தாவல். தொடர்ச்சி இல்லை என்றேன். “பார்த்துச் சொல்ற. வரையறையை வச்சுச் சொல்லு.”

கல்லின் இடது ஓரத்தை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டையைக் காட்டினார். கல் மட்டும்தான் உலகம் என்றால், அதற்கு இடப்பக்கம் எதுவுமே இல்லை, ஆகவே ஓரத்தையும் சேர்த்து அந்தப் பட்டை கல்லுக்குள் திறந்த கணம். அதன் முன் உருவைத் தரையில் தேடினால், ஒவ்வொரு கல்லின் இடது ஓரத்திலும் அதே பட்டை. அந்தக் கோட்டின் மேல் ஒரு எறும்பு நிற்கிறது என்றால் வலப்பக்கம் நகரலாம், இடப்பக்கம் மயிரிழை நகர்ந்தாலும் பட்டைக்கு வெளியே. சுற்றி இடம் இல்லை. முன் உரு திறந்த கணம் இல்லை. முடிந்தது.

“இப்ப இந்தக் கல்லோட இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒட்டிடு” என்றார். கல் குழாயாகிவிடும். அந்தக் குழாயின் இரண்டு முனையையும் ஒட்டினால், பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணை மாதிரி ஒரு வளையம். இப்போது அந்த ஓரத்துப் புள்ளியைச் சுற்றி எந்தத் திறந்த கணத்தை எடுத்தாலும் அது ஒட்டின கோட்டுக்கு இரண்டு பக்கமும் பரவித்தான் இருக்கும், எறும்புக்கு இரு பக்கமும் இடம் கிடைத்துவிடும். விரல் அதே விரல், தரை அதே தரை. போய்ச் சேருகிற இடத்தில் எது திறந்தது என்பது மாறியதும் தொடர்ச்சி வந்துவிட்டது. தொடர்ச்சி என்பது சார்பின் குணம் மட்டும் இல்லை, இரண்டு முனையிலும் உள்ள வெளிகளையும் பொறுத்தது என்று அங்கேதான் விளங்கியது. கிளம்புகிற வெளியில் எல்லாக் கணமும் திறந்தது என்று வைத்தால் எந்தச் சார்பும் தொடர்ச்சியானது என்பதெல்லாம் அப்புறம் தானாகவே வந்தது.

ஆச்சி காப்பி கொண்டுவந்து, “நல்ல தரையில ஏன்யா கோடு போடுறீக?” என்று கேட்டார்கள். நான்தான் துடைத்தேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சார் இன்னொன்று சொன்னார். “பி.எஸ்ஸி.யில தொடர்ச்சிக்கு எப்சிலான், டெல்டா படிச்சியே. எது முதல்ல வரும்?” எப்சிலான். “அது எந்தப் பக்கம்?” போய்ச் சேருகிற பக்கம். அங்கே எவ்வளவு கிட்டத்தில் வேண்டும் என்று முதலில் சொன்னால், இங்கே எவ்வளவு கிட்டத்தில் நிற்க வேண்டும் என்று டெல்டா பதில் சொல்லும். “மூணு வருசமா நீ பின்னாலேருந்துதான் வந்துக்கிட்டிருக்க” என்றார்.

இங்கே சிங்கப்பூரில் நானும் கணக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாடம் வரும்போது பலகையில் ஒரு சதுரம் போட்டு நான்கு மூலையிலும் கால் கால் பூ வரைவேன். ஓரங்களை ஒட்டியதும் நான்கு மூலையும் ஒரே புள்ளியாகி, கால் பூ நாலும் சேர்ந்து ஒரு முழுப் பூவாகிவிடும். நான்கு கல் கூடுகிற இடத்தில் தரையில் தெரிகிற அதே பூ.

அந்தப் பூ என்ன நிறம் என்பது மட்டும் எனக்கு நினைவில் இல்லை. சிவப்பா, காவியா, மஞ்சளா? நம் செட்டில் அந்த வீட்டுக்கு வந்து படித்தவர்கள் நாலைந்து பேர் உண்டு. யாரிடமாவது வளவில் உட்கார்ந்து எடுத்த பழைய போட்டோ இருந்தால், கலர் போட்டோவாக இருந்தால், சங்க முகவரிக்கு அனுப்புங்கள்.