தொப்புளில் ஒரு பொத்தான்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு சிறு புட்டியில், கடலைப்பருப்பு அளவுத் தோல் துண்டு, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் கிடந்தது. கூட வந்த சீட்டில் "தொப்புள் புண், ஆறவில்லை, பூஞ்சையா?" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அறுபதைக் கடந்த அந்த அம்மையார் இரண்டு மாதமாகக் களிம்பு தடவி வந்திருக்கிறார். நுண்ணோக்கியில் பார்த்தபோது பூஞ்சை எதுவும் இல்லை. தோலில் இருக்கவே கூடாத சுரப்பிகள் கோணல்மாணலாக, கெட்டியான நார்த்திசுவுக்குள் சிதறிக் கிடந்தன. அது உள்ளுறுப்பு ஒன்றிலிருந்து பரவி வந்த புற்று; கணையத்திலிருந்து என்பது பிறகு தெரிந்தது.

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் கல்லீரலுக்கும், வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வான வயிற்று உள்ளுறைக்கும், நுரையீரலுக்கும்தான் பரவும். தொப்புளுக்கு வருவது அபூர்வம். அப்படித் தொப்புளில் வரும் கட்டிக்கு 'சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு' என்று பெயர். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் அறுவை மருத்துவர் வில்லியம் மேயோவுக்கு உதவியாளராக இருந்த அந்தக் கன்னியாஸ்திரீ, அறுவைக்காக வயிற்றைத் துடைத்துத் தயார் செய்கையில், தொப்புளில் கட்டி தட்டுப்படும் நோயாளிகளுக்கு உள்ளே புற்று முற்றியிருப்பதைக் கவனித்துச் சொன்னார். மேயோ 1928இல் அதைக் காற்சட்டைப் பொத்தானோடு ஒப்பிட்டு எழுதினார். கவனித்தவரின் பெயரை அதற்குச் சூட்டியவர், 1949இல், ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி. அந்த நியாயம் நடந்தபோது சிஸ்டர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

கருவில் நமக்கு உணவு கொண்டுவந்த தொப்புள் சிரை, பிறந்தபின் ஒரு நாராகச் சுருங்கித் தொப்புளையும் கல்லீரலையும் இணைத்தபடியே இருக்கிறது. அதை ஒட்டியும், வயிற்று உள்ளுறை வழியாகவும், நிணநீர், இரத்தக் குழாய்களின் வழியாகவும் புற்றணுக்கள் இங்கு வந்து சேரலாம்.

ஆனால் தொப்புளில் சுரப்பிப் புற்று என்று எழுதிவிட்டால் வேலை முடிவதில்லை, ஏனென்றால் இரைப்பை, பெருங்குடல், சினைப்பை, கணையம் என எங்கிருந்தும் அது வந்திருக்கலாம். புற்று எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று துப்புக் கொடுக்கும், அணுக்களின் புரதங்களைக் காட்டும் சாயங்களைப் போட்டுப் பார்த்தோம். சிகே7 சாயம் நன்றாக ஏறியது, சிகே20 ஏறவில்லை. பெருங்குடல் மீதான சந்தேகம் குறைந்தது. பாக்ஸ்8 ஏறாததால் சினைப்பையும் பின்னுக்குப் போனது. இரைப்பையா கணையமா என்பதைச் சாயம் மட்டும் தீர்மானிக்காது. சி.டி. ஸ்கேனில்தான் கணையத்தின் வால்பகுதியில் கட்டி தெரிந்தது. தலைப்பகுதியில் வந்திருந்தால் பித்தநாளத்தை அடைத்து மஞ்சள் காமாலையாக முன்பே காட்டிக்கொடுத்திருக்கும். வால்பகுதிக்கு அந்த வழக்கம் இல்லை.

முடிவைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது, அந்த அம்மையார் ஆறு மாதமாக முதுகுவலியால் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தே உறங்குவதாக மருத்துவர் சொன்னார். கணையத்தைச் சுட்டியிருக்கக்கூடிய அந்தக் குறிப்பு சீட்டில் இல்லை.